எதிரொலிக்கு முந்தும் காது

அமெரிக்க நெடுஞ்சாலையில் வண்டிகளின் வேகத்தை அளக்கும் காவலர், பணியைத் தொடங்குமுன் ஒரு சின்ன சோதனை செய்வது வழக்கம். பள்ளி ஆய்வகத்தில் நாம் பார்த்த அதே இசைக்கவையைத் தட்டி, ரேடார் துப்பாக்கியின் முகத்துக்கு நேரே பிடிப்பார். கவை கையிலேயேதான் இருக்கிறது. திரையிலோ மணிக்கு 50 மைல் என்று வருகிறது. கவையில் பொறித்திருக்கும் எண்ணும் அதுவே என்றால் கருவி சரியாக இருக்கிறது என்று பொருள்.

நின்ற இடத்தில் நிற்கும் கவைக்கு வேகம் எப்படி வந்தது? ரேடார் துப்பாக்கி நுண்ணலையை அனுப்பி, வண்டியில் பட்டுத் திரும்புவதைக் கேட்கிறது. வண்டி எதிரே வந்தால், திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றுக் கூடியிருக்கும். 1842-இல் கிறிஸ்டியன் டாப்ளர் சொன்ன விளைவு இது. அமெரிக்கக் காவல்துறை அதிகம் பயன்படுத்தும் ஓர் அலைவரிசை 24.15 கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 2,415 கோடி அதிர்வுகள். 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வரும் பைக் அதில் உண்டாக்கும் வித்தியாசம் வெறும் 4,470 அதிர்வுகள்தான். ஒலிபெருக்கியில் கொடுத்தால் அது பியானோவின் கடைசிக் கட்டைக்குச் சற்று மேலான ஒரு கீச்சொலியாக நம் காதிலேயே விழும். வேகத்துக்கு ஒரு சுருதி உண்டு. அந்தச் சுருதியில் அதிரும்படி செய்த கவையைக் காட்டினால், துப்பாக்கி அதை ஓடும் வண்டி என்றே எடுத்துக்கொள்கிறது.

இந்த அலையை ஒட்டுக்கேட்பதற்குத்தான் பைக் ஓட்டிகள் சிலர் ரேடார் டிடெக்டரை ஹேண்டில்பாரில் பொருத்துகிறார்கள். அது எதையும் அளப்பதில்லை, ரேடார் அலை வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் துப்பாக்கிக்கு முன்பே அதற்குச் சேதி தெரிந்துவிடுகிறது. துப்பாக்கியின் அலை போகவும் வேண்டும், வரவும் வேண்டும். டிடெக்டருக்கு ஒருவழிப் பயணம் போதும். தூரம் இரட்டிப்பானால் டிடெக்டரை எட்டும் சக்தி நான்கில் ஒரு பங்காகக் குறையும். துப்பாக்கிக்குத் திரும்பும் எதிரொலியோ பதினாறில் ஒரு பங்காகிவிடும். பைக்கின் முகப்பு ஒடுக்கமானது, பாதி பிளாஸ்டிக். லாரியைப் போல வலுவான எதிரொலி தராது. அதனால் இந்த இடைவெளி பைக்குக்கு இன்னும் பெரிது. ஒரு தொல்லை, காற்றின் இரைச்சலில் டிடெக்டரின் பீப் ஒலி கேட்காது. எனவே ஹெல்மெட்டுக்குள் காதொலிப்பானோ, கண்ணோரம் ஒரு சிறு சிவப்பு விளக்கோ வைத்துக்கொள்கிறார்கள்.

இதே கணக்கில்தான் இரவுதோறும் அந்துப்பூச்சிகள் உயிர் பிழைக்கின்றன. அமெரிக்க உயிரியலாளர் கென்னத் ரோடர் ஆராய்ந்த அந்துப்பூச்சியின் காதில் ஒலியை உணரும் செல்கள் இரண்டே இரண்டு. அந்த இரண்டைக் கொண்டே அது சுமார் 30 மீட்டர் தொலைவில் வரும் வௌவாலின் மீயொலியைக் கேட்டுத் திரும்பிப் பறந்துவிடுகிறது. வௌவாலுக்கோ அந்தப் பூச்சியின் எதிரொலி சில மீட்டர் நெருங்கிய பிறகே கிடைக்கும். இரண்டு செல்கள் இவ்வளவு செய்கின்றன என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

வேட்டையாடுபவருக்கும் மாற்று வழி உண்டு. ஐரோப்பாவின் பார்பஸ்டெல் வௌவால் மற்றவற்றைவிட மிக மெல்லிய குரலில் ஒலியெழுப்பி, அந்துப்பூச்சிக்குக் கேட்பதற்குள் அருகே வந்துவிடுகிறது. காவலரும் ரேடாரை அணைத்தே வைத்திருந்து, பைக் கிட்டே வந்ததும் விசையை அழுத்துகிறார். டிடெக்டர் அலறும்போது எண் திரையில் வந்திருக்கும். டிடெக்டரும் முழு மௌனமாக இருப்பதில்லை. அதன் உள்ளே ஓடும் அலையாக்கியிலிருந்து சிறிது ரேடியோ அலை கசிகிறது. டிடெக்டருக்குத் தடை உள்ள வர்ஜீனியா மாநிலத்தில் அந்தக் கசிவை வைத்தே அதைக் கண்டுபிடிக்கும் கருவி காவலரிடம் இருக்கிறது.

கேட்பதோடு நில்லாமல் எதிரியின் கேட்கும் திறனையே குழப்பும் பூச்சியும் உண்டு. அரிசோனாவில் வாழும் பெர்தோல்டியா டிரைகோனா என்ற அந்துப்பூச்சி, வௌவால் பாயும் கணத்தில் நொடிக்கு 4,500 வரை சொடுக்கொலிகளை எழுப்பும். வௌவாலின் தூரக் கணிப்பு தப்பி, இலக்கு தவறுகிறது. 2009-இல் இதை ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். ரேடார் ஜாமர் செய்ய முயல்வதும் இதைத்தான். ஆனால் வானலைகள் பொதுச்சொத்து. வேண்டுமென்றே அதில் இரைச்சல் கலப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம், அது நியாயமும்கூட. எந்த அலையையும் அனுப்பாமலே ரேடாரைக் குழப்பும் என்று சொல்லி விற்கப்படும் பெட்டிகளைப் பணம் கொடுத்து வாங்காதீர்கள்.

இப்போது ரேடாரோடு லேசர் துப்பாக்கியும் வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத அந்த அகச்சிவப்புக் கதிர் 300 மீட்டர் தொலைவிலும் ஒரு மீட்டர்கூட அகலாது. குறிவைத்த பைக்கின் முகப்பு விளக்கில் பட்டுத் திரும்புகிறது, பக்கத்து வண்டிக்குக் கசிவதும் அரிது. வேகத்தைக் கணிக்க அதற்குச் சுமார் மூன்றில் ஒரு நொடி போதும். டிடெக்டரின் சிவப்பு விளக்கைப் பார்த்து ஓட்டுபவரின் விரல்கள் பிரேக்கை இழுக்க ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் பைக் அந்த ஒரு நொடியில் 28 மீட்டர் கடந்திருக்கும்.