மலேரியா மாத்திரையும் இதயத் துடிப்பும்

2020ஆம் ஆண்டு கொரோனா நோய் பரவத் தொடங்கியபோது, மலேரியாவுக்கு வழங்கப்படும் குளோரோகுயின், ஹைட்ராக்சி குளோரோகுயின் ஆகிய மாத்திரைகளுக்குப் பெருங் கிராக்கி ஏற்பட்டது. மருத்துவர் சீட்டின்றி ஹைட்ராக்சி குளோரோகுயினை விற்கலாகாதென்று மத்திய அரசு அவ்வாண்டு மார்ச்சு 26ஆம் தேதி ஆணையிட்டது. அக்கட்டுப்பாடு ஏன் வேண்டும் என்பதை ஊராட்சி உறுப்பினர்கள் அறிந்திருத்தல் நலம். காய்ச்சல் கண்டதும் வீட்டில் எஞ்சியுள்ள பழைய மாத்திரையைத் தேடும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் ஒழிந்தபாடில்லை.

இம்மருந்துகளின் மூதாதை, நீலகிரியில் நடுவட்டம் போன்ற இடங்களில் முன்பு பயிரிடப்பட்ட சிங்கோனா மரத்தின் பட்டையாகும். அப்பட்டையிலிருந்து மலேரியாவைத் தீர்க்கும் குயினைன் கிடைத்தது. அதே பட்டையில் கிடைக்கும் குயினிடின் என்னும் பொருளையோ, ஒழுங்கு தவறிய இதயத் துடிப்பைச் சீர்படுத்த மருத்துவர் பயன்படுத்தினர். ஆகவே இக்குடும்பத்து மருந்துகள் இதயத்தைத் தொடுவது புதிய செய்தியன்று.

இதயத் தசையின் ஒவ்வொரு துடிப்பும் ஒரு மின் நிகழ்ச்சியே. துடித்து முடிந்ததும், பொட்டாசியம் என்னும் உப்புச் சத்து தசையணுக்களின் நுண்ணிய வாயில்கள் வழியே வெளியேற வேண்டும். அப்போதுதான் அணு அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாகும். வயலில் நின்ற நீர் வடிந்த பின்னரே மறு பாய்ச்சலுக்கு மடை திறக்கிறோம் அல்லவா? வடிகால் அடைபட்டால் என்ன ஆகும்? இம்மருந்து அவ்வாயில்களை ஓரளவு அடைக்கிறது. இதயம் ஆயத்தமாகும் நேரம் நீள்கிறது. மின்வரைபடத்தில் அதனைக் கியூடி இடைவெளி என்று அளப்பர். அரை வினாடியைத் தாண்டினால் ஆபத்து மிகுதி. துடிப்பு தாறுமாறாகி, மயக்கமும் சில வேளை திடீர் மரணமும் நேரலாம்.

உடல் நலமுள்ளவர் தாங்கும் இம்மாற்றத்தை வைரசு நோயால் நலிந்தவர் தாங்குவது அரிது. நோய் இதயத் தசையையே தாக்கக்கூடும். வயிற்றுப்போக்கால் பொட்டாசியம் குறையும். அசித்ரோமைசின் போன்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் இடைவெளி மேலும் நீளக்கூடும்.

பிரேசில் நாட்டு மனாஸ் நகரில் 2020இல் கொரோனா நோயாளிகள் 81 பேரிடம் நடந்த ஆய்வைக் கூறுவோம். ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் குளோரோகுயின் வீதம் பத்து நாள் கொடுக்கத் திட்டமிட்டனர். மலேரியாவுக்கு வயது வந்தவர் மூன்று நாளில் உட்கொள்ளும் மொத்த அளவு 1,500 மில்லிகிராம் மட்டுமே. இதுவோ அதனைப் போல் எட்டு மடங்கு! பதின்மூன்றாம் நாளுக்குள் அப்பிரிவின் 41 பேரில் 16 பேரும், குறைந்த அளவு பெற்ற 40 பேரில் 6 பேரும் இறந்தனர். முதற் பிரிவில் முதியோர் மிகுதி என்பதையும் மறைக்கலாகாது. எனினும் உயர்ந்த அளவு உடனே நிறுத்தப்பட்டது.

பயனேனும் உண்டா எனில், அதுவும் இல்லை. இங்கிலாந்தின் பேராய்வில் ஹைட்ராக்சி குளோரோகுயின் பெற்ற 1,561 பேரில் நூற்றுக்கு 27 பேர் 28 நாட்களுக்குள் இறந்தனர். பெறாதவரில் நூற்றுக்கு 25 பேர். அமெரிக்கா 2020 ஜூன் 15இல் தன் அவசர அனுமதியை விலக்கிக்கொண்டது.

இதனைப் படித்து மலேரியா நோயாளர் அஞ்ச வேண்டுவதில்லை. வைவாக்ஸ் வகை மலேரியாவுக்குக் குளோரோகுயின் இன்றும் நல்ல மருந்து. மூட்டுவாத நோய்க்கு மருத்துவர் சொற்படி ஹைட்ராக்சி குளோரோகுயின் உண்போரும் தாமாக நிறுத்தலாகாது. காய்ச்சல் கண்டவரை முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புக. முன்பே இதய நோய் உள்ளவராயின் அதனை மருத்துவரிடம் கூறச் செய்க. எஞ்சிய மாத்திரைகளைக் குழந்தைகள் கைக்கு எட்டாது வைக்க வேண்டும். சிறு குழந்தைக்கு ஓரிரண்டு மாத்திரையே உயிருக்கு உலையாகிவிடும்.