நண்பனும் அவனே, பகைவனும் அவனே!

ஊறுகாயின் மேலும் ஈரச் சுவரிலும் பூஞ்சணத்தைக் கண்டால் நாம் முகஞ் சுளிக்கிறோம். பூஞ்சணம் என்றாலே கேடு என்பது நமது முடிவு. உழவர்கள் அவ்வாறு எண்ணுவதற்குத் தக்க காரணமும் உண்டு. கரும்பின் உட்புறத்தைச் சிவக்கச் செய்து நாசமாக்கும் செவ்வழுகல் நோயும், மிளகாயைக் கெடுக்கும் பழ அழுகல் நோயும் கொலெட்டோட்ரிக்கம் என்னும் ஒரே பூஞ்சணக் குலத்தின் வேலைகளே.

ஆயினும், இக்குலத்தின் குணம் நாம் எண்ணுவதுபோல் மாறாத ஒன்றன்று. வெள்ளரி இனச் செடிகளை வாட்டும் இக்குலப் பூஞ்சணம் ஒன்றை அமெரிக்காவில் ஃப்ரீமன், ராட்ரிகெஸ் என்னும் இருவர் ஆராய்ந்து, 1993-ஆம் ஆண்டில் ஒரு விந்தையை வெளியிட்டனர். ஒரேயொரு மரபணு மாறியதும், கொல்ல வந்த பூஞ்சணம் செடிக்குள் சாதுவாக வாழ்ந்தது. அது மட்டுமன்று, தன் பழைய இனத்தாரின் தாக்குதலிலிருந்தும் செடியைக் காத்தது!

ஸ்பெயின் தேசத்தில் அராபிடாப்ஸிஸ் என்னும் சிறு செடியின் வேருக்குள் இக்குலத்தைச் சேர்ந்த மற்றொரு வகை வாழ்கிறது. பெரும்பாலான செடிகளுக்கு வேர்ப் பூஞ்சணங்கள் மண்ணிலிருந்து பாஸ்பரஸைத் திரட்டித் தருகின்றன. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடிக்கோ அத்துணை இல்லை. 2016-இல் வெளியான ஆராய்ச்சியின்படி, மண்ணில் பாஸ்பரஸ் குறைந்தபொழுது அந்தக் குறையை இவ்விருந்தாளியே நிரப்புகிறது. பாஸ்பரஸ் போதுமான அளவு இருப்பின் அவ்வுதவி நிகழ்வதில்லை. தற்காப்புப் பொருள்கள் சிலவற்றை உண்டாக்க இயலாத செடிகளிலோ, அதே விருந்தாளி அத்துமீறிப் பரவித் தீங்கு செய்தது. ஆகவே, இந்த நட்புக்கும் வேலி வேண்டியிருக்கிறது.

2023-இல் இன்னொரு செய்தி வெளிவந்தது. இதே வகையின் வேறொரு கிளை செடியின் வளர்ச்சியைக் குன்றச் செய்கிறது. அதனிடம் ஒரு மரபணுத் தொகுதி விழித்துக் கொள்வதே அதற்குக் காரணம்.

இவற்றால் நாம் அறிய வேண்டுவது யாது? உரத்தை அளவின்றிக் கொட்டும்பொழுது, செடிக்கும் பூஞ்சணத்துக்கும் இடையே நிகழும் கொடுக்கல் வாங்கலையே நாம் மாற்றிவிடக்கூடும். கண்ட இடமெல்லாம் மருந்து தெளித்தால், பகைவரோடு நண்பரும் மடியலாம். "இப்பூஞ்சணம் நல்லதா, கெட்டதா?" என்று நம் குழந்தைகள் கேட்டால், "எந்த மண்ணில்? எந்தச் செடியில்?" என்று திருப்பிக் கேட்பதே தக்க விடையாகும்.