மஃரிப்புக்கு முன்னால முடிச்சிரணும் கண்ணு!

எந்த விழாவையும் அரை மணி நேரம் தள்ளிப்போடலாம். சிறப்பு விருந்தினர் வழியில் மாட்டிக்கொண்டால் இன்னொரு பாட்டுப் போட்டுச் சமாளிக்கலாம். இஃப்தாரில் அந்தப் பாச்சா பலிக்காது! சூரியன் மறைந்ததும் மஃரிப் தொழுகைக்கான பாங்கு, பாங்கு ஒலித்ததும் பேரீச்சம்பழம். மைக்கில் யார் இருந்தாலும் அதற்குள் பேச்சு முடிந்திருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஒரு நிகழ்ச்சியை, திருப்பூரில், சுற்றிலும் பனியன் கம்பெனிகள் நிறைந்த ஒரு கல்யாண மண்டபத்தில் தொகுத்து வழங்கும் வாய்ப்பு எனக்கு வந்தது. அதுவும் மீலாது மேடைகளிலும் நிக்காஹ் வரவேற்புகளிலும் குரல் பழுத்த ஒரு தொழில்முறைத் தொகுப்பாளருடன் சேர்ந்து. சமூக நல்லிணக்க நோன்பு திறப்பு என்பதால் அவர் கையில் ஒரு மைக், முஸ்லிம் அல்லாத என் கையில் ஒரு மைக். மேடைக்குப் பின்னால் பார்த்ததையெல்லாம் யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது!

முதல் ஆச்சரியம் அவர் நிகழ்ச்சி நிரல் எழுதிய விதம். கீழிருந்து மேலே எழுதினார்! தாளின் அடியில் மஃரிப் பாங்கு. அதற்கு மேல் துஆ என்கிற வேண்டுதல். அதற்கு மேல் கஞ்சி ஊற்றுகிற நேரம். அப்புறம் வாழ்த்துரைகள், வரவேற்புரை என்று ஏறிக்கொண்டே போய் உச்சியில் கிராஅத்தை, அதாவது திருக்குர்ஆன் ஓதுவதை, எழுதினார். அப்போதுதான் விழா எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பதே முடிவானது.

"நேரத்தை ஜமாஅத் அட்டையில மட்டும் பாருங்க கண்ணு. டிவில பாங்கு கேட்டு எவனாச்சும் பழத்த வாயில வெச்சிருவான்" என்றார். எவ்வளவு பெரிய விஷயம் அது! டிவியில் கேட்பது சென்னை நேரத்துப் பாங்காக இருந்தால்? சென்னையிலிருந்து திருப்பூர் ஏறக்குறைய மூன்று பாகை மேற்கே இருக்கிறது. மார்ச் மாதத்தில் சென்னையில் சூரியன் மறைந்து சுமார் 12 நிமிடம் கழித்துத்தான் இங்கே மறையும். அந்த 12 நிமிடம் முந்தினால் நோன்பே முறிந்துபோகும். அதனால் மேடைக் கடிகாரத்தை உள்ளூர்ப் பள்ளிவாசல் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் மைக்கையே கையில் எடுத்தார்.

என் வரவேற்புரையில் இரண்டு செய்திகளை ஆசையாக எழுதி வைத்திருந்தேன். 2023 டிசம்பரில் அஜர்பைஜான், ஈரான், துருக்கி, உஸ்பெகிஸ்தான் ஆகிய நான்கு நாடுகள் முன்மொழிந்து, இஃப்தார் மரபை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது ஒன்று. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் கதை 1920களில் குலாம் காதர் தொடங்கிய பின்னல் கம்பெனியிலிருந்து சொல்லப்படுவது இன்னொன்று. அவர் படித்துப் பார்த்தார். "குலாம் காதர் இருக்கட்டும், அது இந்த ஊர்க்காரங்க கதை. யுனெஸ்கோ ஒரே வரி. உட்கார்ந்திருக்கறவங்க விடியறதுக்கு முன்னாடி சாப்பிட்டவங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் அவர் தொழில் முழுவதும் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள் எதிரே இருக்கிறார்கள். அதை அவர் ஒரு கணமும் மறக்கவில்லை. அலங்காரமான அறிமுகங்களை வெட்டினார். "பலத்த கரவொலி எழுப்பி" என்ற வரியை எடுத்துவிட்டார். திருக்குர்ஆன் ஓதி முடித்ததும் யாரும் கை தட்டாமல் இருக்க, ஓதத் தொடங்குவதற்கு முன்பே என்னை ஒரு சொல் சொல்ல வைத்தார். மார்க்க அறிஞரான ஆலிமை 'ஹஸ்ரத்' என்றும், ஹஜ் செய்து வந்தவரை 'அல்ஹாஜ்' என்றும் அழைக்க வேண்டும். பெயர்களை அவரவருக்கே போன் போட்டு, சொல்லச் சொல்லக் கேட்டு எழுதிக்கொண்டார்.

நேரம் தாண்டிப் பேசுகிற பிரமுகரை எப்படி நிறுத்துவது? அவர் நிறுத்திய விதத்தைப் பார்க்கவே நான் இன்னொரு முறை மேடை ஏறுவேன்! சீட்டு நீட்டவில்லை, இருமவில்லை. விரித்த பொன்னாடையோடு முகமெல்லாம் சிரிப்பாகப் பேச்சாளரின் பக்கத்தில் போய் நின்றார், அவ்வளவுதான். பேச்சாளரும் சிரித்தபடி நன்றி சொல்லி முடித்தார். கூட்டத்துக்கு அது மரியாதையாகத்தான் தெரிந்தது. மரியாதையேதான் அது.

இதற்கிடையில் பின்கட்டில் என்ன ஆரவாரம்! தேக்சாக்களில் நோன்புக் கஞ்சி. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, கொத்துக்கறி, கடைசியில் தேங்காய்ப்பாலும் புதினாவும். அந்த வாசனைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு உப்புச் சரி பார்க்காமலே சமைத்துக்கொண்டிருந்தார் சமையல் மாஸ்டர், அவரும் நோன்பாளி! பள்ளிவாசல்களின் கஞ்சிக்காகத் தமிழக அரசு அரிசி கொடுக்கும் வழக்கம் 2001-இல் வந்தது. ஆனால் ஊர்தோறும் கைப்பக்குவம் வேறு. இங்கே மாஸ்டருக்கும் தொகுப்பாளருக்கும் தனியாக ஓர் ஒப்பந்தம்: இவர் மேடையிலிருந்து தலையசைத்த பிறகுதான் கிண்ணங்களில் ஊற்ற வேண்டும். முந்தினால் ஆறிப்போகும், பிந்தினால் வாய் சுடும். பாங்கு நேரத்தில் குடிக்கும் பதத்தில் இருக்க வேண்டும். பெண்கள் பகுதிக்கும் குழந்தைகளுக்கும் முதலில் போக வேண்டும். அந்தப் பகுதி ஒலிபெருக்கி தெளிவாகக் கேட்கிறதா என்று சொல்லவே ஓர் அக்காவை அங்கே உட்கார வைத்திருந்தார்.

வாசலை ஒட்டிய கடைசி இரண்டு வரிசைகளில் யாரையும் உட்காரவிடாமல் தொண்டர்கள் காவல் நின்றார்கள். தட்டுகள் மட்டும் வைத்திருந்தார்கள். யாருக்கு என்று எனக்குப் புரியவில்லை. ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட் முடிந்து, சாயங்கால நெரிசலைத் தாண்டி, பாங்குக்குச் சற்று முன்னால் வந்து சேர்ந்தார்கள் பையன்கள். தலைமுடியில் பஞ்சு, சட்டையில் நூல் துணுக்கு. டெய்லர்கள், செக்கிங், அயர்னிங் ஆட்கள். தமிழ்ப் பிள்ளைகளோடு பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கப் பிள்ளைகளும். தொழுகைக்குமுன் கை கால் கழுவி ஒளு செய்ய எந்தப் பக்கம் போவது, தட்டு எங்கே இருக்கிறது என்று தொகுப்பாளர் அண்ணன் தக்னி உருதும் இந்தியும் கலந்து மைக்கில் சொன்னார். அத்தனை முகங்களும் சட்டென்று நிமிர்ந்தன! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

துஆ தொடங்கியதும் இரண்டு மைக்கையும் அணைத்து என் கையிலிருந்ததையும் வாங்கி வைத்துக்கொண்டார். நோன்பு திறக்கும் நேரத்து வேண்டுதல் ஏற்கப்படும் என்பது நம்பிக்கை. அந்த நிமிடங்களில் தொகுப்பாளருக்கு வேலை இல்லை. பாங்கு ஒலித்தபோது மண்டபமே 'பிஸ்மில்லாஹ்' என்று முணுமுணுத்தது. என் தட்டிலும் பேரீச்சம்பழம் இருந்தது.

தொழுகை முடிந்து நெய்ச்சோறு வந்ததும் அண்ணன் சோற்றுக் கையோடு அடுத்த வேலையைத் தொடங்கிவிட்டார். பெருநாள் சந்திப்பு நிகழ்ச்சிக்கும் நாங்கள்தான்! "இந்தி மட்டும் பத்தாது கண்ணு, வங்காளத்துலயும் ஒடியாவுலயும் ரெண்டு வரி வேணும்" என்றார். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த முர்ஷிதாபாத் பையனிடம் அப்போதே கேட்டேன். அவன் என் செல்போனை வாங்கி, வாயில் சோற்றோடு, நிறுத்தி நிறுத்தி வங்காள வரவேற்பைப் பதிவு செய்து கொடுத்தான். ஒடியாவுக்கு ஆள் பிடிக்க நாளைக்கு மத்தியானம் கட்டிங் பிரிவுக்குப் போகிறேன்.