84 மதிப்பெண்ணும் அட்டை ஏறாத காடும்

நேயர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "ப்ரோ, விமர்சகருங்க 90 போட்டிருக்காங்க, ஸ்டீம்ல போய்ப் பாத்தா 'மிக்ஸ்ட்'னு இருக்கு. எதை நம்பி காசு போடுறது?"

இந்தக் குழப்பம் உச்சத்துக்குப் போனது 2025 செப்டம்பரில். 'ஹாலோ நைட்: சில்க்சாங்' விளையாட்டு அந்த மாதம் 4ஆம் தேதி வெளியானது. பல வருடக் காத்திருப்பு. வெளியான நிமிடத்தில் ஸ்டீம் கடையே திணறியது. விமர்சகர்களுக்கு முன்கூட்டிப் பிரதி தரப்படவில்லை. அவர்களும் மற்றவர்களோடு வரிசையில் நின்றுதான் வாங்கினார்கள். பிறகு வந்த மதிப்பெண்கள் வானளாவ இருந்தன. ஆனால் சீன மொழி ஆட்டக்காரர்களின் பக்கத்தில் முதல் நாட்களில் எதிர்ப்பே மிகுதி. விளையாட்டு மோசம் என்பதால் அல்ல. சீன மொழிபெயர்ப்பு படிக்கச் சகிக்கவில்லை என்பதால். ஸ்டீம் அதற்குச் சில வாரங்கள் முன்புதான் மொழிவாரியாக மதிப்பீட்டைப் பிரித்துக் காட்டத் தொடங்கியிருந்தது. அதனால்தான் இந்த வித்தியாசம் வெளியே தெரிந்தது. விளையாட்டு ஒன்று, தீர்ப்பு இரண்டு. இரண்டுமே பொய்யில்லை.

மெட்டாக்ரிட்டிக் என்றால் என்ன, ஸ்டீம் என்றால் என்ன என்ற பாடமெல்லாம் இங்கே கிடையாது. தெரியாதவர்கள் வீட்டிலிருக்கும் பத்தாம் வகுப்புப் பையனைக் கேட்டுக்கொள்ளலாம். அவன் பெருமையாகச் சொல்லுவான்.

இந்தக் காணொளிக்குப் பின்னணியாக ஓடும் காட்சிகள் போனக்காட்டினுடையவை. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறினால் வரும் பழைய தேயிலைத் தோட்டம். வெள்ளைக்காரர் காலத்துத் தொழிற்சாலை, கொளுந்து பறிக்கத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களின் லயங்கள், பின்னால் 1,868 மீட்டர் உயரத்தில் அகத்தியர்கூடம். கேம் விமர்சனத்துக்கும் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

போனக்காட்டை இணையத்தில் தேடினால் முதலில் வருவது பேய். '25 ஜிபி' என்ற பாழடைந்த பங்களா. அங்கே இருந்த வெள்ளைக்கார மேலாளரின் மகள் சின்ன வயதில் இறந்துபோனாள், அவளுடைய ஆவி இன்னும் உலவுகிறது என்பது கதை. கையில் டார்ச்சோடு இரவில் போய் மூச்சு வாங்கப் பேசும் காணொளிகள் குவிந்து கிடக்கின்றன. நின்றுபோன தொழிற்சாலையையும் தொழிலாளர்களின் கூலிப் பாக்கியையும் பற்றிப் பேசுவதற்கு அந்தக் காணொளிகளில் பெரும்பாலானவற்றுக்கு நேரமே இருப்பதில்லை. பேயைத் தேடிப் போனவர் பேயைப் பார்த்துவிட்டு வருகிறார், அவ்வளவுதான். கேம் விமர்சனங்களைப் படிக்கும்போதும் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்: எழுதியவர் எங்கே நின்றுகொண்டு, எதைத் தேடிக்கொண்டு எழுதுகிறார்?

இனி, போனக்காடு இருக்கும் இதே மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வருவோம். உலகின் பெரிய நிறுவனம் ஒன்று இந்த மலையை விளையாட்டாக்கியது 2017 ஆகஸ்டில். நாட்டி டாக் நிறுவனத்தின் 'அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகஸி'. குளோயி, நதீன் என்ற இரண்டு பெண்கள் விநாயகரின் தந்தத்தைத் தேடி வருகிறார்கள். நடுவில் ஒரு பெரிய திறந்தவெளி அத்தியாயத்துக்கே 'மேற்குத் தொடர்ச்சி மலை' என்றுதான் பெயர். ஜீப்பில் சேறு தெறிக்க ஓட்டலாம், அருவிக்குப் பக்கத்தில் பாறை ஏறலாம், யானை மேல் போகலாம். மெட்டாக்ரிட்டிக் சராசரி 84. திரைப்படத் தரம், கண்ணைப் பறிக்கும் காடு என்று விமர்சகர்கள் பாராட்டித் தள்ளினார்கள்.

பாராட்டில் தப்பில்லை. காடு அழகுதான். ஆனால் அந்தக் காட்டில் அட்டை கிடையாது.

சிரிக்க வேண்டாம், விஷயம் இருக்கிறது. மழைக்காலத்தில் போனக்காட்டுப் பக்கம் பத்து நிமிடம் புல்லில் நடந்தவருக்குத் தெரியும், மேற்குத் தொடர்ச்சி மலையின் முதல் வில்லன் துப்பாக்கி வைத்திருப்பதில்லை. சத்தமில்லாமல் செருப்பு வாரில் ஏறும். குளோயி மணிக்கணக்கில் ஈரக்காட்டில் புரள்கிறாள், முழங்காலளவு தண்ணீரில் நடக்கிறாள், ஒரு தடவைகூடக் குனிந்து காலைப் பார்ப்பதில்லை. 'நேரில் போன மாதிரியே இருக்கிறது' என்று எழுதுபவர் அந்த மலையில் கால் வைத்தவரா என்று இங்கே ஒரு சந்தேகம் வரத்தான் செய்யும்.

அட்டையை ஒழுங்காகக் காட்டிய விளையாட்டு உண்டு. 2004இல் வந்த 'மெட்டல் கியர் சாலிட் 3: ஸ்னேக் ஈட்டர்'. சதுப்பில் இறங்கினால் உடம்பில் ஒட்டிக்கொள்ளும், தெம்பைக் குறைக்கும். சிகிச்சைப் பக்கத்தைத் திறந்து சுருட்டுநுனியால் சுட்டு விழவைக்க வேண்டும். நம் மலைக்காரர்கள் உப்பும் புகையிலையும் கொண்டு செய்வதைக் கதாநாயகன் ஸ்னேக் சுருட்டால் செய்கிறார். இதன் மறுஆக்கம் 'டெல்டா' என்ற பெயரில் 2025 ஆகஸ்ட் 28 அன்று வந்தது, கொனாமி வெளியிட்டது, மூலத்தை உருவாக்கிய ஹிடியோ கோஜிமா இதில் இல்லை. பெரும்பாலான விமர்சகர்கள் நல்ல மதிப்பெண் கொடுத்தார்கள். மூலத்தை வரிக்கு வரி பின்பற்றியது சிலருக்குப் பக்தி, சிலருக்குச் சோம்பேறித்தனம். கணினியில் வாங்கியவர்களின் புகார் வேறு: காட்சி விக்கி விக்கி ஓடுகிறது, நொடிக்கு 60 சட்டகத்துக்கு மேல் போக விடுவதில்லை. கதையை ரசிக்க வந்தவர் இதைக் கவனித்திருக்கவே மாட்டார். விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் அட்டை போட்டவருக்கு இது மட்டும்தான் கண்ணில் படும். (அந்த அட்டை வேறு, இந்த அட்டை வேறு. இரண்டும் உறிஞ்சும்.)

'லாஸ்ட் லெகஸி' காட்டும் வரலாறும் அட்டை இல்லாத காடு மாதிரிதான். ஹொய்சாளர்களின் பேலூர், ஹளேபீடு என்ற பெயர்களை எடுத்து, அடர்காட்டுக்கும் அருவிகளுக்கும் நடுவே மலையளவு சிலைகளை நட்டுவைத்தார்கள். உண்மையான பேலூரும் ஹளேபீடும் ஹாசன் மாவட்டத்தில் பஸ் நின்று போகும் ஊர்கள். விஷ்ணுவர்த்தனன் 1117இல் கட்டிய சென்னகேசவர் கோயில் உயரத்தால் மிரட்டுவதில்லை. நட்சத்திர வடிவ மேடையும் மாக்கல்லில் நகையளவு நுணுக்கமாகச் செதுக்கிய சிற்பமும்தான் அதன் பெருமை. சோமநாதபுரத்தோடு சேர்த்து 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் அதற்காகத்தான். விளையாட்டு கற்பனை செய்யலாம், தவறில்லை. ஆனால் 84 என்ற எண்ணுக்குள் இந்தக் கேள்வியை எழுப்பியவர் எத்தனை பேர் என்று தெரியாது. சராசரி போட்டால் அதெல்லாம் கரைந்துவிடும்.

இன்னொன்றும் அந்த எண்ணில் தெரியாது. இரண்டு பெண்கள் மேற்குத் தொடர்ச்சி மலை உச்சிகளில் ஏறித் திரியும் விளையாட்டு வந்தது 2017இல். அந்த வருடம் போனக்காட்டிலிருந்து அகத்தியர்கூட உச்சிக்குப் பெண்களை அனுப்பவில்லை. அகத்தியர் பிரம்மச்சாரி என்ற நம்பிக்கை ஒரு காரணம்; காணிப் பழங்குடியினர் தங்கள் வழிபாட்டிடம் என்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் பாகுபாடு கூடாது என்று தீர்ப்புச் சொன்ன பிறகு, 2019 ஜனவரியில் பாதுகாப்புத் துறைச் செய்தித் தொடர்பு அதிகாரி தன்யா சனல் அந்தப் பாதையில் ஏறிய முதல் பெண் என்று செய்தியானார். குளோயியும் நதீனும் கற்பனை மலையில் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஏறி ஒன்றரை வருடம் கழித்து! தலைப்பை விட்டு விலகிவிட்டோம் என்பது தெரிகிறது. ஆனால் இப்படி ஒரு பொருத்தம் கையில் கிடைத்தால் விட்டுவிட முடியுமா?

84க்குத் திரும்புவோம். ஏனென்றால் அதே எண் இன்னொரு இடத்தில் பணமாக வலித்திருக்கிறது. 2010இல் வந்த 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்'. உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்தின் கிறிஸ் அவெல்லோன் 2012இல் ட்விட்டரில் ஒரு தகவலைப் போட்டார்: மெட்டாக்ரிட்டிக்கில் 85 வந்திருந்தால் ஊக்கத்தொகை கிடைத்திருக்கும். வந்தது 84. ஒரு மதிப்பெண். அந்த விளையாட்டு வெளியானபோது பிழைகள் மலிந்திருந்தன என்பது உண்மை. இன்று அந்த வரிசையின் தலைசிறந்த படைப்பு என்று அதைத்தான் பலர் சொல்கிறார்கள் என்பதும் உண்மை. அன்று 84 போட்டவர்கள் அன்றைய பிழைகளோடு விளையாடினார்கள். எந்த நாளில் விளையாடினார் என்பதும் எங்கே நின்று என்ற கேள்வியின் ஒரு பகுதிதான்.

நம் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது. 'வெண்பா'. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. 1980களின் கடைசியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன், அவர்கள் மகன் கவின். வெண்பாவின் அம்மா கொடுத்த சமையல் குறிப்பேட்டில் எழுத்துகள் அழிந்து போயிருக்கின்றன. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேல் தட்டு வரை ஏறும் என்பதை ஆட்டக்காரர் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்துப் புட்டு வரும், பிரியாணி வரும். வானொலியில் காலத்துக்கு ஏற்ற தமிழ்ப் பாட்டு மாறும். 2024இல் சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐஜிஎஃப் விழாவின் தலைமைப் பரிசும், அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதும் கிடைத்தன.

இதைப் பற்றி வந்த பெரிய புகார்: குட்டி. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. இந்த மதிப்பீட்டில் ஒரு நியாயம் உண்டு, ரூபாய்க் கணக்குப் பார்ப்பவர்களை யாரும் கிண்டல் செய்ய வேண்டியதில்லை. ஆனால் வெளிநாட்டு விமர்சகர் பலருக்கு இட்லிப் புதிர் ஒரு புதிர். நமக்கு அது காலை ஏழு மணி. விதுராக் கடைகளில் புட்டும் கடலையும் சாப்பிட்டு வளர்ந்தவர் ஒருவர் எழுதியிருந்தால் புட்டுக்குழலில் தேங்காய் எத்தனை அடுக்கு என்று சண்டை போட்டிருப்பார், கவின் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் இடத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திருப்பார். குட்டி என்ற குறை அவருக்குக் குறையாகவே பட்டிருக்காது.

குட்டி விளையாட்டுகளுக்கு வேறொரு ஆபத்து இருக்கிறது. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஒன்றரை மணி நேர விளையாட்டை முழுக்க முடித்துவிட்டும் கேட்கலாம்! 2021இல் 'சம்மர் ஆஃப் 58' என்ற திகில் விளையாட்டைச் செய்த எமிகா கேம்ஸ் இதனாலேயே விளையாட்டு உருவாக்குவதைக் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. விளையாட்டு பிடித்திருந்தது என்று நல்ல விமர்சனம் எழுதியவர்களிலேயே பணத்தைத் திரும்பப் பெற்றவர்கள் இருந்தார்கள்.

எந்த நாளில் என்பதைப் போலவே எந்தக் கருவியில் விளையாடினார் என்பதும் முக்கியம். 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' வருவதற்கு முன் விமர்சகர்களுக்குத் தரப்பட்டது கணினிப் பதிப்பு மட்டும். தங்கள் சொந்தக் காட்சிப் பதிவைக் காட்டவும் வெளியீட்டு நாள் வரை அனுமதியில்லை. மதிப்பெண் 90ஐ ஒட்டி. பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) வைத்திருந்தவர்கள் வாங்கிப் பார்த்தால் முகமில்லாத மனிதர்களும் நின்று நின்று ஓடும் கார்களும். ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. பிஎஸ்4 பதிப்பின் சராசரி பின்னர் அறுபதுக்குக் கீழே போனது. 90 பொய்யா? இல்லை. அந்த 90 வேறொரு கருவிக்கு உரியது.

பேசக்கூடாதவை என்று பட்டியல் வருவதும் உண்டு. 2024 ஆகஸ்டில் 'பிளாக் மித்: வுகோங்' வந்தபோது, முன்கூட்டிப் பிரதி பெற்ற சில ஒளிபரப்பாளர்களுக்கு அரசியல், பெண்ணியம், கொரோனா பற்றிப் பேச வேண்டாம் என்று குறிப்பு அனுப்பப்பட்டது செய்தியானது. விளையாட்டு நல்ல விளையாட்டு. ஸ்டீமில் ஒரே நேரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆடினார்கள். ஆனாலும் முதல் நாள் காணொளிகளைப் பார்க்கும்போது அந்தக் குறிப்பு மனதில் இருக்கட்டும்.

ஐயோ, நேரம் முடியப் போகிறது, எதற்காக வந்தீர்களோ அது இன்னும் ஆரம்பிக்கவில்லை. வேகமாக.

ஸ்டீமில் ஒவ்வொரு விமர்சனத்துக்கும் மேலே, எழுதும்போது எத்தனை மணி நேரம் ஆடியிருந்தார் என்று இருக்கும். 'வெண்பா'வுக்கு ஒன்றரை மணி என்றால் முழுசாக முடித்தவர். 'எக்ஸ்பெடிஷன் 33' போன்ற நீண்ட விளையாட்டுக்கு ஒன்றரை மணி என்றால் வாசலைத்தான் தாண்டியிருக்கிறார். மொத்த மதிப்பீட்டை விட்டுவிட்டுச் 'சமீபத்திய' மதிப்பீட்டைப் பாருங்கள். 'நோ மேன்ஸ் ஸ்கை' 2016இல் கிழித்துத் தொங்கவிடப்பட்டது, இலவசப் புதுப்பிப்புகளால் ஏறி, மொத்த மதிப்பீட்டில் 2024 நவம்பரில்தான் 'வெரி பாசிட்டிவ்' நிலைக்கு வந்தது. பத்துக்குப் பத்தையும் பூஜ்யத்தையும் தாண்டி, நடுவில் ஆறு ஏழு போட்டவரின் கட்டுரையைப் படியுங்கள், குறைகளின் விவரம் அங்கேதான் கிடைக்கும். விமர்சகர் எந்தக் கருவியில் ஆடினார் என்பது வழக்கமாகக் கட்டுரையின் அடியில் இருக்கும். இல்லையென்றால் அதை ஒதுக்கிவிடுங்கள். முன்பதிவு வேண்டாம். பிளேஸ்டேஷன் கடையில் பதிவிறக்கம் தொடங்கிவிட்டால், விளையாட்டு பழுதாக இருந்தாலொழியப் பணம் திரும்பாது. ஸ்டீமின் இரண்டு மணி நேரக் கணக்கு அங்கே எடுபடாது.

போனில் ஆடுபவர்கள், அதாவது நம்மில் பெரும்பாலானவர்கள், இந்தப் பெரிய மதிப்பெண்களால் பெரிய பயன் அடையப் போவதில்லை. பிளே ஸ்டோரில் 2021 நவம்பர் முதல் நட்சத்திரங்கள் நாடுவாரியாகக் காட்டப்படுகின்றன, இந்தியாவில் நீங்கள் பார்ப்பது இந்தியாவில் இருப்பவர்கள் போட்டது. அதனால் அமெரிக்கக் காணொளியில் 4.6 என்று காட்டி, உங்கள் போனில் 3.9 என்று வந்தால் பதற வேண்டாம். காசு கொடுத்து வாங்கியது பிடிக்கவில்லை என்றால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் திருப்பிக் கேட்கலாம்.