கொம்பு எங்கே போச்சு?

நம் சங்கத்துக்கு முதன்முதலாகக் கணினி வாங்கிய சமயத்தில் நடந்த ஒரு சம்பவத்தோடு தொடங்குகிறேன். அதுவரை அழைப்பிதழ், ஆண்டறிக்கை எல்லாவற்றையும் தமிழ்த் தட்டச்சுப்பொறியில் அடித்துத் தந்தவர் ஒரு பெரியவர். தமிழ்நாட்டு அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் டைப்பிஸ்டாக இருந்து, ஓய்வுக்குப் பின் மகனோடு இங்கே வந்து தங்கியவர். "மாமா, இது ரொம்ப ஈஸி, ஒரே வாரத்துல பழகிடும்" என்று சொல்லி, கணினியில் தமிழ்99 விசைப்பலகையைப் போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இதுல கொம்பு எங்கே போச்சு?" என்று கேட்டார். மூன்று நாள் வந்தார். நான்காம் நாள் வரவில்லை. வயசானவர், பிடிவாதம் பிடிக்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அவர் கேட்டது சரியான கேள்வி. தமிழில் எழுத்துகள் 247. தட்டச்சுப்பொறியிலோ விசைகள் நாற்பத்துச் சொச்சம். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய இரா. முத்தையா போன்ற முன்னோடிகள், எழுத்துகளை உறுப்புகளாகப் பிரித்துத்தான் இந்தச் சிக்கலைத் தீர்த்தார்கள். கொம்பு ஒரு விசை, கால் ஒரு விசை, புள்ளி ஒரு விசை. 'கொ' என்று அடிக்க வேண்டுமானால் முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு கால். அதாவது, பேனாவால் எழுதும் வரிசையிலேயே விரல் போகும். டைப்பிஸ்டின் விரலுக்குத் தெரிந்தது எழுத்தின் வடிவம்.

தமிழ்99 வேறு வழியில் சிந்திக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி உருவாகி, அதே ஆண்டு ஜூனில் தமிழக அரசு தரப்படுத்திய விசைப்பலகை இது. உயிர் 12-ம் இடது கைப்பக்கம். மெய்வரிசை எழுத்துகளில் பெரும்பாலானவை வலது கைப்பக்கம். 'கொ' வேண்டுமென்றால் 'க', அடுத்து 'ஒ'. இரண்டே தட்டு. 'பக்கம்' என்ற சொல்லுக்குப் ப, க, க, ம, புள்ளி என்று அடித்தால் போதும்; 'க' இரண்டு முறை வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். 'தங்கம்' என்பதில் ங-வுக்கும் அப்படியே. உயிரும் மெய்யும் சேர்ந்தால் உயிர்மெய் என்று பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணம்தான் இங்கே விசையாக மாறியிருக்கிறது. புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு இதைவிடச் சுலபமானது இல்லை.

ஆனால் அந்தப் பெரியவருக்கு? முப்பது வருஷமாகக் கொம்பைத் தேடிப் போன விரல், அங்கே வேறொரு எழுத்தைக் கண்டு தடுமாறுகிறது. தான் அடிக்காத புள்ளி தானாக வந்து விழுகிறது. 'மமதை' என்று அடிக்கப் போனால் 'ம்மதை' என்று வருகிறது. நடுவில் ஒரு 'அ' அடிக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பக்கத்தைப் பார்க்காமலே அடித்தவர் எழுத்து எழுத்தாகத் தேடுகிறார். லோயர், ஹையர் பரீட்சை எழுதி, சான்றிதழ் வாங்கி, அதை வைத்து வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றிய திறமை அது. 'இது ஈஸி' என்று நாம் சொல்லும்போது, 'உங்கள் திறமை இனி வேண்டாம்' என்றுதான் அவர் காதில் விழுகிறது.

இது தமிழுக்கு மட்டும் உள்ள கதையல்ல. 1870-களில் அமெரிக்காவில் வந்த க்வெர்ட்டி ஆங்கில விசைவரிசையைவிட எளிது என்று சொல்லி, 1936-இல் டிவோராக் வேறொரு வரிசைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் உலகம் அடிப்பது பழைய வரிசையில்தான். பழகிய கைகள் கோடிக்கணக்கில் இருக்கும்போது, புதியதன் எளிமை மட்டும் போதாது. பழகும் வாரங்களில் குறையும் வேகத்துக்கு யார் பொறுப்பு, தேங்கும் வேலையை யார் பார்ப்பது என்பதற்கும் பதில் வேண்டும். அலுவலகங்களில் பெரும்பாலும் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பழி மட்டும் ஊழியர் மேல் விழுகிறது.

அப்படியானால் வழி என்ன? பழையதையும் பக்கத்திலேயே வைத்திருப்பதுதான். தமிழ் மென்பொருள்கள் பல, தமிழ்99-ஓடு தட்டச்சு விசைவரிசையையும் சேர்த்தே தந்தன. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றதும் நல்லதாயிற்று. எந்த விசைப்பலகையில் அடித்தாலும் ஒருங்குறியில் சேமிக்கப்படும் எழுத்து ஒன்றே. ஆகவே ஒருவர் வழியை மற்றவர் மேல் திணிக்க வேண்டிய அவசியமில்லை.

நானும் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கணினியில் பழைய தட்டச்சு வரிசையைப் போட்டுக் கொடுத்தேன். மறுநாளே வந்து உட்கார்ந்துவிட்டார். "கொம்பு வந்துடுச்சுப்பா" என்று சிரித்தார். அந்த வருஷ மலரில் பாதி அவர் அடித்தது. மீதியை அடித்தது, தமிழ்99 பழகிய ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. எழுத்துப் பிழை வந்த இடமெல்லாம் அவளுக்குத் திருத்திச் சொன்னவரும் அவரே.

நம் பிள்ளைகள் வெளிமாநிலத்தில் படிக்கிறார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தே பழகிவிடுகிறார்கள். இன்று கைப்பேசியிலேயே தமிழ்99 கிடைக்கிறது. 'அ' எங்கே, 'க' எங்கே என்று தேடும் சாக்கிலாவது நம் எழுத்துகள் அவர்கள் கண்ணில் படட்டும். அதே வீட்டில் தாத்தா பழைய முறையில் அடித்தால், அவரை அவசரப்படுத்த வேண்டாம்.