வந்தா ரெண்டா வரும்

இருபது நிமிஷம் ஒண்ணும் வராது. வந்தா ரெண்டா வரும். முதல் பஸ்ஸில் படிக்கட்டு வரை கூட்டம், பின்னால் வருவது காலி. டிரைவர்கள் டீ குடித்துவிட்டுச் சேர்ந்தே கிளம்புகிறார்கள் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்தேன். விஷயம் அதுவல்ல.

29சி-யை எடுத்துக்கொள்வோம். பெரம்பூரில் கிளம்பி ஜெமினி, மயிலாப்பூர், அடையாறு வழியாக பெசன்ட் நகர் போகும் நீளமான தடம். பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் ஒழுங்காகவே கிளம்புகிறது என்று வையுங்கள். ஒன்று மட்டும் சிக்னலில் மாட்டி 2 நிமிஷம் தாமதமாகிறது. அதற்குள் அடுத்த ஸ்டாப்பில் ஆள் கூடிவிடும். அவர்கள் ஏறி இறங்க நேரமாகும், தாமதம் இன்னும் வளரும். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஆளே இருக்காது. சல்லென்று வந்து முன்னதை ஒட்டிக்கொள்ளும். நியூவெல், பாட்ஸ் என்ற இருவர் 1964-லேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள்.

நஷ்டம் எவ்வளவு? மணிக்கு 6 பஸ் சீராக வந்தால், சராசரியாக 5 நிமிஷம் காத்திருப்போம். அதே 6 பஸ் ஜோடி ஜோடியாக வந்தால் 10 நிமிஷம். பஸ் குறையல, டீசல் குறையல, காத்திருப்பு மட்டும் ரெண்டு மடங்கு!

இந்தச் சுமை எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. 2021 மே முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. வீட்டு வேலைக்காக அடையாறு போகும் ஒரு அம்மா, டீலக்ஸ் வந்தால் விட்டுவிட்டு அடுத்ததுக்கு நிற்பார். சாதாரண பஸ் ரெண்டும் சேர்ந்தே போய்விட்டால், மிச்சமாகும் காசுக்கு அவர் நேரத்தைத்தான் கொடுக்க வேண்டும்.

அப்போ என்னதான் வழி? அடிக்கடி பஸ் ஓடும் தடங்களில், லண்டன்காரர்கள் பயணி எவ்வளவு கூடுதலாகக் காத்திருந்தார் என்று அளக்கிறார்கள். பஸ்கள் நெருங்கினால், பின்னால் வருவதை வழியில் சற்று நிறுத்தி வைக்கிறார்கள். நம்மூரிலும் 2022 முதல் 'சென்னை பஸ்' செயலி எந்த பஸ் எங்கே வருகிறது என்று காட்டுகிறது. அதே தகவலை வைத்து, இடைவெளி சுருங்க ஆரம்பிக்கும்போதே பின்னால் வருவதை மந்தைவெளியில் ரெண்டு நிமிஷம் நிறுத்தலாம். கடைசி ஸ்டாப்பில் கொஞ்சம் ஓய்வு நேரம் வைத்து அட்டவணை போட்டால், ஒரு டிரிப்பின் தாமதம் அடுத்த டிரிப்பில் ஒட்டாது.

"ஏம்பா, வண்டிய எடுக்கலையா?" என்று உள்ளே இருப்பவர்கள் சத்தம் போடுவார்கள்தான். ஆனால் நிற்கப்போவது காலி பஸ். கோபப்படுவது நாலு பேர். அடுத்தடுத்த ஸ்டாப்புகளில் வெயிலில் நிற்பவர்கள் நாற்பது பேர்.