சைனும் ஜேபியும்

வில்லின் நாணுக்கு வடமொழியில் 'ஜ்யா', 'ஜீவா' என்று பெயர். வட்டத்துக்குள் வரைகிற நாணில் பாதிதான் ஆதியில் சைன்; ஆரத்தால் வகுப்பதெல்லாம் பிற்பாடு வந்தது. கி.பி. 499-ல் ஆரியபட்டர் இதற்கு அட்டவணையே போட்டுவிட்டார்.

ஜீவா அரபியில் 'ஜீபா' ஆனது. அரபி எழுத்தில் உயிரொலி பலவற்றை எழுதமாட்டார்கள். அதனால் அதையே 'ஜைப்' என்றும் படித்தார்கள். ஜைப் என்றால் சட்டையின் மார்புத் திறப்பு! 12-ஆம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்த்தவர்கள், மடிப்பு என்ற பொருளில் 'சினுஸ்' என்று போட்டார்கள். அதுதான் ஆங்கிலத்தில் சைன். சுருக்கி எழுதும்போது கடைசி 'இ' போய்விட்டது, உச்சரிப்பு போகவில்லை.

வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாத நம்மில் சிலர் 'சின் தீட்டா' என்றால் வகுப்பே சிரிக்குது. லத்தீன்காரன் சிரிக்கமாட்டான்! வைவாவில் மட்டும் சைன் என்றே சொல்லிடுங்க.

அப்புறம், அந்த ஜைப்தான் உருதுவில் ஜேப் ஆகி, நம்மகிட்ட 'ஜேபி' ஆச்சு. பஸ் பாஸ் வைக்கிற அதே ஜேபி.